மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. நடைபாதை எப்போது வரும்?

நீரிழிவு உள்ள இருவர் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதல் விசாரிப்பு, "சுகர் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். வெறும் வயிற்றில் 110 என்றால் முகம் மலர்கிறது. 180 என்றால் வாடிவிடுகிறது. ரத்த அழுத்தம் எவ்வளவு, கெட்ட கொழுப்பு எவ்வளவு, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா, உள்ளங்காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால், நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் வீழ்த்துவது ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அல்ல. அது ஆண்டுக்கணக்கில் அரித்துவைத்த ரத்தக்குழாய்கள். இதயத்தின் குழாய் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம், காலில் அடைத்தால் ஆறாத புண். விழித்திரையின் நுண்குழாய்கள் சிதைந்தால் பார்வை போகிறது. சிறுநீரகத்தில் சிதைந்தால் டயாலிசிஸ் வரை கொண்டுபோய் விடுகிறது. ஐந்து மருத்துவர்களிடம் ஐந்து கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும் இந்தத் துன்பங்களுக்கு வேர் ஒன்றே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய 'இண்டியாப்' ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அது. தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு. இத்தனை பேரின் ரத்தக்குழாய்களை யார், எப்படிக் காப்பது? உணவும் உடலுழைப்பும்தான் காக்கும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. அவற்றைத் தனிமனிதரின் மன உறுதிக்கு மட்டும் விட்டுவிட்டு, அரசும் சமூகமும் ஒதுங்கிக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒற்றை அடுக்குக் காவல்

ரத்தக்குழாயின் உட்புறத்தை ஒரே ஒரு செல் தடிமனுள்ள படலம் போர்த்தியிருக்கிறது. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். குழாய் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும், ரத்தம் எங்கே உறையலாம், எங்கே உறையக் கூடாது என்பவற்றை முறைப்படுத்துவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இது சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுதான் குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. இதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் உயர்ந்தே இருந்தால் இந்த நைட்ரிக் ஆக்ஸைடு குறைகிறது, குழாய் விறைக்கிறது. எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு படலத்தைத் தாண்டிச் சுவருக்குள் போய்த் தங்குகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அங்கேயே மடிந்து படிமமாகின்றன. உயர் ரத்த அழுத்தம் அதே சுவரை இரவும் பகலும் மோதுகிறது. பீடி, சிகரெட் புகை அந்தப் புண்ணை ஆறவிடுவதில்லை. அதனால்தான் சர்க்கரையை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு ரத்தக்குழாயைக் காப்பாற்ற முடிவதில்லை.

உடற்பயிற்சி இங்கே செய்யும் வேலை வியப்பானது. வேகமாக நடக்கும்போது ரத்த ஓட்டம் கூடுகிறது. அந்த ஓட்டம் உட்படலத்தை உரசிச் செல்கிறது. அந்த உரசலே படலத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்க வைக்கிறது. எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் இந்தப் பலன் உண்டு. "மூணு மாசமா நடக்கிறேன், எடை குறையவே இல்லை" என்று சலித்து விட்டுவிடுகிறவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

எண்ணைத் துரத்தியவர்கள் கண்டது

சர்க்கரை எண்ணை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவுக்கு இதயம் பிழைக்கும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க, அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து 'அக்கார்டு' என்ற ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை மருந்துகளால் 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தக் குழுவில் இறப்பு 22 விழுக்காடு கூடுதலாக இருந்ததால் 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இதனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. 1998-இல் முடிவுகள் வெளியான பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில், நல்ல சர்க்கரைக் கட்டுப்பாடு நுண்குழாய்ப் பாதிப்புகளை 25 விழுக்காடு குறைத்தது. அதே ஆய்வில் ரத்த அழுத்தத்தைக் கூடுதலாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்தது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

டென்மார்க்கின் 'ஸ்டெனோ-2' ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருந்த 160 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி, புகை நிறுத்தம், ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் ஒருசேரக் கவனித்தார்கள். சுமார் எட்டு ஆண்டுகளில் இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏறக்குறையப் பாதியாயின. இருபத்தோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பாதியினர் மற்றவர்களைவிட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள்.

சீனாவின் எண்ணெய் வயல் நகரமான தாச்சிங்கில் 1986-இல் தொடங்கிய ஆய்வு, மருந்தே இல்லாமல் உணவாலும் நடையாலும் மட்டும் என்ன செய்ய முடியும் என்று பார்த்தது. நீரிழிவின் வாசலில் இருந்த 577 பேர், 33 மருத்துவ நிலையங்கள், ஆறு ஆண்டுகள். காய்கறியைக் கூட்டு, சர்க்கரையையும் மதுவையும் குறை, எடை மிகுந்திருந்தால் உணவைக் குறை, நாள்தோறும் சற்று வேர்க்க நட. இவ்வளவுதான் அங்கே சொல்லிக் கொடுத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு நீரிழிவு சுமார் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 26 விழுக்காடும், கண், சிறுநீரகம், நரம்பு சார்ந்த நுண்குழாய்ப் பாதிப்புகள் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஆறு ஆண்டுப் பழக்கம் முப்பது ஆண்டுகள் காவல் காத்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நீரிழிவு வந்துவிட்ட 5,145 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த 'லுக் அஹெட்' ஆய்வில், எடைக் குறைப்பும் பயிற்சியும் மாரடைப்பைக் குறைத்ததாகக் காட்ட முடியாமல் 2012-இல் நிறுத்தினார்கள். ஆனால், அதில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. மருந்தின் தேவையும் குறைந்தது. ஆகவே, நோய் வந்த பிறகு நடை மாத்திரைக்கு மாற்று ஆகாது, மாத்திரையும் நடைக்கு மாற்று ஆகாது. "நான் நடந்தே சரி பண்ணிடுவேன்" என்று கொழுப்பு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் தாமாக நிறுத்துவது ஆபத்து.

இலையில் என்ன இருக்கிறது?

நம் ஊரில் நீரிழிவு வந்ததும் நடக்கும் முதல் மாற்றம், இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வருவது. மூன்று சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்து ஒரு தட்டுச் சோற்றுக்கு அதிகம் இளைத்ததல்ல. அடுத்து, சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி. ரத்தக்குழாய்க்கு இவற்றிடையே பெரிய வேறுபாடு தெரியாது. கேழ்வரகு, குதிரைவாலி நல்லவைதான். ஆனால், நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். சிறுதானியம் என்ற பெயருக்காக அளவு மீறலாம் என்பதில்லை.

சிக்கல், தட்டின் பெரும்பகுதியைத் தானியமே பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. இண்டியாப் ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-இல் வெளியானது. இந்தியர்களின் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அது காட்டியது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. இட்லி, சோறு, மாலையில் பஜ்ஜி, இரவில் தோசை என்று போகும் நாளில் பருப்புக்கும் காய்க்கும் இடமே இல்லை.

எளிய வழி தட்டைப் பிரிப்பது. பாதித் தட்டு காய், கீரை; கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று; மீதிக் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ. பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படுகிறது. காய் என்றால் உருளைக்கிழங்கு வறுவல் அல்ல. அவரை, கத்தரி, வெண்டை, புடலை, முருங்கைக்கீரை. வெந்தயமும் பாகற்காயும் தட்டில் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் இடத்தைப் பிடிக்க வேண்டாம்.

ரத்தக்குழாய் என்று வந்துவிட்டால் உப்பும் எண்ணெயும் சர்க்கரைக்குச் சமமான கவனம் கேட்பவை. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம்; ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இவற்றிலேயே அது தீர்ந்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்கள், பொட்டாசியம் சேர்ந்த 'லோ சோடியம்' உப்பையும் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எண்ணெயில் அளவுக்கு அடுத்தபடி வகையைப் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் நடந்த 'ப்ரெடிமெட்' ஆய்வில் ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்ந்த உணவு, மாரடைப்பு, பக்கவாத நிகழ்வுகளைச் சுமார் 30 விழுக்காடு குறைத்தது. பங்கேற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நீரிழிவு உள்ளவர்கள். நாம் ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டியதில்லை. நிறைவுறாக் கொழுப்பு நம் வேர்க்கடலையிலும் எள்ளிலும் உண்டு. மத்தி மீனில் ஒமேகா-3 உண்டு. தவிர்க்க வேண்டியது திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைத்தான். அதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. எத்தனை பலகாரக் கடைச் சட்டிகளில் அந்த வரம்பு சோதிக்கப்படுகிறது என்பது வேறு கதை.

நடையும் தசையும்

சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் உறுப்பு எலும்புத் தசை. தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நீடிக்கும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது பொது அளவு. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிறைத்த பாட்டிலைத் தூக்குவது எல்லாமே தசைப் பயிற்சிதான், ஜிம் வேண்டாம்.

எப்போது நடப்பது? காலை ஐந்து மணி நடைதான் நடை என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் நீரிழிவு உள்ள 41 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. நாளில் ஏதோ ஒரு நேரம் முப்பது நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22 விழுக்காடு. சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காரும் அந்த வேளையில் தெருவை இரண்டு சுற்று வந்தாலே லாபம்.

எச்சரிக்கைகளும் உண்டு. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி நிற்கிறது என்றால் கால் தமனியில் அடைப்பு இருக்கலாம். அதற்கும் சிகிச்சையில் ஒன்று நடையே: வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது. ஆனால், மருத்துவர் பார்த்த பிறகு. விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்துக் கசியும் நிலையில் இருப்பவர்கள், மூச்சை அடக்கிப் பாரம் தூக்கக் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு அழுத்தினால் நடையை அங்கேயே நிறுத்த வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையும் கோடைப் பகலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல்லும், சுடுவதே தெரியாத பாதத்துக்குக் கொப்புளம், பிறகு புண், பிறகு அறுவைச் சிகிச்சை என்று நீளும். பக்திக்குக் குந்தகம் இல்லாமல், நீரிழிவு உள்ளவர்கள் காலுறையோடு வலம்வரக் கோயில் நிர்வாகங்கள் வெளிப்படையாக அறிவித்து ஊக்கப்படுத்தலாம்.

அறிவுரைக்கு அப்பால்

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் நடக்க மறுக்கிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. சென்னையில் நடந்த ஒரு நிகழ்வு வேறு பதில் சொல்கிறது. சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வின் ஒரு பகுதியாக, டாக்டர் வி.மோகன் தலைமையிலான குழு ஆசியாட் காலனிக் குடியிருப்பாளர்களிடம் விழிப்புணர்வு செய்தது. கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் நடப்பவர்கள் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடானார்கள். இடம் இருந்தால் மக்கள் நடக்கிறார்கள். ஆனால், பூங்கா கட்டப் பணம் திரட்டும் வசதி வியாசர்பாடிக்கோ கண்ணகி நகருக்கோ இல்லை. அங்கே அந்தப் பொறுப்பு அரசுடையது.

நடப்பதற்குக் கொள்கை இல்லாமல் இல்லை. இந்திய நகரங்களில் முதன்முறையாக, 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடைக்கும் மிதிவண்டிக்கும் செல்ல வேண்டும் என்றது அது. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் வந்தது, நகரமே பாராட்டியது. அந்த நடைபாதையைவிட்டு இரண்டு தெரு தள்ளினால், பைக் ஏறி நிற்கும் பிளாட்பாரம், திறந்த மழைநீர் வடிகால், டிரான்ஸ்ஃபார்மர். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நீள ஆரோக்கிய நடைபாதைகள் தொடங்கப்பட்டன. நல்ல முயற்சி. ஆனால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடக்க வேண்டியவருக்கு மாவட்டத்துக்கு ஒரு பாதை எதற்கு ஆகும்? அவருக்குத் தேவை தன் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும், விளக்கு எரியும், நாய் துரத்தாத 500 மீட்டர். பெண்களுக்கு அது இன்னும் அவசியம். 2022 நிலவரப்படி இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத ஆண்கள் 42 விழுக்காடு, பெண்கள் 57 விழுக்காடு என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' ஆய்வு கணக்கிட்டது. இருட்டிய தெருவில் தனியாக நடக்கும் பெண்ணை ஊர் பார்க்கும் பார்வையும் இந்த வேறுபாட்டில் கலந்திருக்கிறது.

உணவிலும் இதே கதைதான். ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை ஒழித்த அந்த அரிசியைக் குறை சொல்வது நன்றி கொன்ற செயல். ஆனால், அதே கடையில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெய் பாமாயில். அதில் பத்தில் நாலு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதற்குப் பதில் உள்ளூர் எண்ணெயைக் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். தேங்காய் எண்ணெயா, கடலை எண்ணெயா என்ற தேர்வு வரும்போது, நிறைவுற்ற கொழுப்பு குறைவான கடலை எண்ணெயின் பக்கம் நிற்பதே ரத்தக்குழாய்க்கு நல்லது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. வேண்டுவோர் அரிசியில் ஒரு பகுதியைக் கேழ்வரகாகவோ கொண்டைக்கடலையாகவோ பாசிப்பயறாகவோ மாற்றிக்கொள்ளும் வசதியை மாநிலம் முழுக்கத் தரலாம். தட்டில் பருப்பு ஏற வேண்டுமானால் அது முதலில் பையில் ஏற வேண்டும்.

இந்த மாற்றங்களை ஏற்றிச் செல்லும் வண்டி தமிழ்நாட்டிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. திட்டத்துக்கு முந்தைய மாநில ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். வீட்டுக்கு வரும் அந்தப் பெண் தன்னார்வலர் மாத்திரையோடு இன்னும் மூன்று வேலைகளைச் செய்ய முடியும். ஆண்டுக்கு ஒருமுறை 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிப்பது. சிறுநீரில் புரதமும் விழித்திரையும் பரிசோதிக்கப்பட்டனவா என்று கேட்டுக் குறிப்பது. அந்தத் தெருவில் நடக்க இடம் இருக்கிறதா என்று பதிவு செய்வது. முதல் இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது, உள்ளாட்சியின் பொறியாளர் மேசைக்குப் போக வேண்டும். ஒரு வார்டில் எத்தனை பேருக்கு நீரிழிவு, எத்தனை மீட்டர் நடைபாதை என்ற இரண்டு எண்களும் ஒரே தாளில் வந்தால், எந்தத் தெருவுக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பதில் வாதமே இருக்காது.

இதற்கெல்லாம் செலவாகும். ஆனால், டயாலிசிஸுக்கும் இதய அறுவைச் சிகிச்சைக்கும் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது. குழாய் அடைத்த பின் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அடைக்கும் முன் கடலை எண்ணெய்க்கும் தெருவிளக்குக்கும் நடைபாதைக்கும் கொடுப்பது நிதியமைச்சர் கணக்கிலும் லாபம்தான். அடுத்த நிதிநிலை அறிக்கையில் நடைபாதைச் செலவைச் சாலைத் துறையின் கணக்கோடு நிறுத்தாமல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கணக்கிலும் ஒரு தலைப்பாகச் சேர்க்கட்டும். தமிழ்நாடு அதை இந்தியாவில் முதலில் செய்த மாநிலமாக இருக்கட்டும்.